1906 அக்டோபர்: இரண்டு கணக்குகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இந்தியத் தொழில்முனைவின் வரலாறு குறித்துத் தங்கள் இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். நம்மவர்கள் கையில் காசு சேர்ந்தால் நகையிலும் நிலத்திலும் முடக்கினார்களே தவிரத் தொழிலில் போடத் துணியவில்லை என்றும், ஆங்கிலேயர் காலத்தில் தொழில்கள் தழைக்காமல் போனதற்கு இந்தத் தயக்கமே முதற்காரணம் என்றும் கட்டுரையாளர் கூறுகிறார். முப்பது ஆண்டுகள் வங்கியில் சிறுதொழில் கடன் மனுக்களைப் புரட்டியவன் என்ற முறையில் எனக்கு இது உடன்பாடில்லை.

1906 அக்டோபர் 16 அன்று வ.உ.சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தார். மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். சாதாரணக் குடும்பத்துக்கு அது அன்று பெருந்தொகை. அப்படித் திரட்டிய பணத்தில்தான் காலியா, லாவோ என்ற இரு கப்பல்கள் வாங்கப்பட்டுத் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடின. போட்டிக்கு நின்ற பிரிட்டிஷ் கம்பெனி பயணக் கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி அரை ரூபாய்க்கு இறங்கியது. உடனே பிரிட்டிஷ் கம்பெனி இலவசமாக ஏற்றிக்கொண்டு குடையும் ஒன்று கொடுப்பதாக அறிவித்தது. இந்தக் குடைக் கதை பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். அதற்குள் இருக்கும் கணக்கைத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை. அரசின் தபால் ஒப்பந்தமும் பல கடல்களில் கப்பல்களும் வைத்திருந்த நிறுவனம் ஒரு தடத்தில் வரும் நட்டத்தை மற்றத் தடங்களின் வரவில் ஈடுகட்டிவிடும். இருப்பதே ஒரு தடம் என்றிருக்கும் கம்பெனிக்கு ஒவ்வொரு பயணமும் மூலதனத்தைத் தின்னும். போதாக்குறைக்கு, 1908 மார்ச்சில் வ.உ.சி. கைது செய்யப்பட்டு, ஜூலையில் தண்டிக்கப்பட்டார். 1911-இல் கம்பெனி கலைக்கப்பட்டது.

துணிந்தவர்கள் நிலை இது. துணியாதவர்கள்? கம்பெனி பதிவான ஆறாம் நாள், அதாவது அக்டோபர் 22 அன்று, பொதுமக்களிடம் வைப்புத்தொகை வாங்கி வந்த ஆங்கிலேய வணிக நிறுவனமான ஆர்பத்நாட் கம்பெனி சென்னையில் திவாலானது. வெள்ளைக்காரன் கம்பெனி, பணம் எங்கும் போகாது என்று நம்பித் தலைமுறைச் சேமிப்பைப் போட்டு வைத்திருந்தவர்கள் ஒரே நாளில் நடுத்தெருவுக்கு வந்தார்கள். அதன் தலைவர் சர் ஜார்ஜ் ஆர்பத்நாட்டுக்கு 18 மாதக் கடுங்காவல் கிடைத்தது; போட்டவர்களின் பணம் முழுதாகத் திரும்பி வரவில்லை. இவ்விரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்த ஒருவர் மிச்சமிருந்த காசுக்குத் தங்கம் வாங்கியிருந்தால் அதைக் கோழைத்தனம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

வியப்பு என்னவென்றால், அதற்குப் பிறகும் மக்கள் பணம் போட்டார்கள் என்பதுதான். வழக்கறிஞர் வி.கிருஷ்ணசாமி ஐயர் முதலானோரின் முயற்சியில் 1907 ஆகஸ்ட் 15 அன்று இந்தியன் வங்கி திறக்கப்பட்டது. அதே 1907-இல், லண்டன் பணச்சந்தை கைவிரித்த பின் டாடா இரும்புத் தொழிலுக்கான பங்குகள் பம்பாயில் விற்பனைக்கு வந்தபோது, ஏறத்தாழ 8,000 இந்தியர்கள் மூன்றே வாரங்களில் சுமார் 16 லட்சம் பவுண்டுகளைத் திரட்டித் தந்தனர். அரசின் வரியும் தொழிலுக்குத் தடையாக நின்றது: 1896 முதல் இந்திய ஆலைத் துணிக்கு 3.5 சதவீத உற்பத்தி வரி இருந்ததும், இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைத் துணிக்கான இறக்குமதி வரிக்குச் சமமாகவே அப்போது அது வைக்கப்பட்டதும், 1925-26-இல்தான் அது ஒழிந்ததும் கட்டுரையில் ஒரு வரியாகவாவது இடம்பெற்றிருக்க வேண்டும்.

கட்டுரையாளர் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் பர்மாவில் போட்ட முதலில் பெரும்பகுதி ஆலைகளுக்குப் போகாமல் நெல் விவசாயக் கடனுக்கே போனது. 1929-இல் தொடங்கிய உலகப் பொருளாதாரப் பெருமந்தத்தில் கடன் திரும்பாததால் 1930-களின் இறுதியில் கீழ்ப் பர்மாவின் விளைநிலத்தில் சுமார் கால் பங்கு அவர்கள் கைக்கு வந்து, பின்னர் போர்க்காலத்திலும் அதற்குப் பிறகும் பறிபோனது. ஆனால் கடல் தாண்டிப் போய்க் கடை வைத்தவர்களைத் துணிவில்லாதவர்கள் என்று சொல்ல முடியாது. நிலத்தின் மேல் கொடுத்த கடனைச் சட்டம் காத்தது. அதைப் பார்த்துத்தான் முதலீடு அங்கே போனது. 1947-க்குப் பின் எல்லாம் சரியாகிவிட்டது என்றும் நான் சொல்லவில்லை. 1951-ஆம் ஆண்டுத் தொழில்கள் (வளர்ச்சி, ஒழுங்குமுறை) சட்டத்திலிருந்து 1991 வரை, எவ்வளவு உற்பத்தி செய்யலாம் என்பதற்கே தில்லியின் உரிமம் வேண்டியிருந்தது.

என் மேசையில் நடந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். லேத் பட்டறை வைக்க விரும்பிய இளைஞர் ஒருவர் பெரிய ஆலையொன்றின் ஆர்டர் கடிதத்தோடு வந்தார், தொழில் அத்துபடி. அடமானம் வைக்கச் சொத்து இல்லை என்பதால் அவர் மனு திரும்பிப் போனது. அதே மாதம், பரம்பரை நிலத்தின் பட்டாவும் வில்லங்கச் சான்றும் கொண்டுவந்த இன்னொருவருக்கு, பட்டறைக்கு எத்தனை குதிரைத் திறன் மோட்டார் வேண்டும் என்றுகூடச் சொல்லத் தெரியாத நிலையில், பதினைந்து நாளில் கடன் கிடைத்தது. இரண்டு கோப்புகளிலும் கையெழுத்துப் போட்டவன் நான்தான்.

2000-ஆம் ஆண்டில் அடமானமில்லாக் கடனுக்கு உத்தரவாத நிதி வந்துவிட்டது. அது வந்த பின்னும் முதல் தலைமுறைத் தொழில்முனைவோரிடம் கிளை மேலாளர்கள் முதலில் கேட்பது ஏன் சொத்துப் பத்திரமாகவே இருக்கிறது என்பதைக் கட்டுரையாளர் அடுத்த பகுதியில் ஆராய்ந்தால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்,
தூத்துக்குடி.