வேப்பெண்ணெய் தண்ணீரில் கரையாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் தோட்டப் பக்கத்தில் மாடித்தோட்டப் பூச்சிகளுக்கு வேப்பெண்ணெயைச் சொல்லியிருந்தது மகிழ்ச்சி. ஆனால் "தண்ணீரில் கலந்து தெளிக்கவும்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அப்படி ஒரு வரியை நம்பித்தான் மூன்று வருடத்துக்கு முன் காய்க்கிற நிலையில் இருந்த இரண்டு கத்தரிச் செடிகளைப் பறிகொடுத்தேன்.

எண்ணெய் தண்ணீரில் மிதக்கும். கைத்தெளிப்பானின் குழாயோ அடியிலிருந்து உறிஞ்சுகிறது. முதல் ஏழெட்டுத் தொட்டிகளுக்கு வெறும் தண்ணீர்தான் போனது. கடைசி இரண்டு செடிகள்மேல் எண்ணெய் அப்படியே வழிந்தது. மறுநாள் வெயிலில் அந்த இலைகள் விளிம்பிலிருந்து பொசுங்கிவிட்டன. முன்னால் இருந்த செடிகளில் மாவுப்பூச்சி சௌக்கியமாக இருந்தது.

சோப்பு சேர்க்காமல் இது ஆகாது. காதி சோப்பைக் கொஞ்சம் சீவி வெந்நீரில் கரைத்து, ஆறியதும் அதில் எண்ணெயை விட்டு, பால் மாதிரி வெளுக்கும்வரை அடிக்க வேண்டும். அதற்கப்புறம்தான் மீதித் தண்ணீர். லிட்டருக்கு 5 மில்லி எண்ணெய் தொட்டிச் செடிக்குப் போதும். வயலுக்குச் சொல்கிற 3 சதவீதம் என்பது லிட்டருக்கு 30 மில்லி. அந்தக் கணக்கைப் படித்துவிட்டு மாடியில் இளஞ்செடிக்கு அடிப்பவர்களும் இருக்கிறார்கள். முதலில் ஒரு கிளைக்கு மட்டும் அடித்து, ஒரு நாள் பார்த்துவிட்டு மற்றதற்கு அடிப்பது நல்லது.

வெயில் தாழ்ந்த பிறகே தெளிக்க வேண்டும். வேம்பில் வேலை செய்கிற அசாடிராக்டின் வெயிலில் சீக்கிரம் சிதைந்துவிடும். வெயில் தாழ்ந்த நேரத்தில் தேனீக்களும் பூவில் அதிகம் இருக்காது. அசுவினி என்கிற சாறு உறிஞ்சும் சிறு பூச்சியும் வெள்ளை ஈயும் பெரும்பாலும் இலைக்கு அடியில் குடியிருப்பதால், இலையைத் திருப்பி அடிக்க வேண்டும்.

மறுநாள் காலையில் பூச்சி நடமாடுவதைப் பார்த்து "இது சரிப்படாது" என்று ரசாயன மருந்துக்குப் போகாதீர்கள். வேம்பு பெரும்பாலும் அடித்த உடனே கொல்வதில்லை. பூச்சியைத் தின்னவிடாமல் செய்யும், குஞ்சுகள் தோலுரித்து வளர்வதைத் தடுக்கும். வாரம் ஒரு முறை வீதம் இரண்டு மூன்று முறை அடித்தால்தான் கொழுந்து தெளியும்.

இன்னொன்று. விளக்கேற்றும் எண்ணெய் என்று விற்பதில் பல, வேறு எண்ணெய்கள் கலந்தவை. செடிக்கு அது வேண்டாம்.

என் அவரைக் கொடியில் தை மாதம் கருப்பு அசுவினி அப்பியிருந்தது. தெளிக்கப் போனவள் நிறுத்திவிட்டேன். நடுவே, குட்டி முதலை போல, கருப்பு உடம்பில் ஆரஞ்சுப் புள்ளிகளோடு ஒரு புழு அசுவினிகளை ஒவ்வொன்றாகத் தின்றுகொண்டிருந்தது. அது பொறிவண்டின் புழு. அந்தக் கொடியை விட்டுவிட்டேன். பத்து நாளில் கொழுந்து சுத்தமானது.

அடுத்த முறை வேப்பெண்ணெய் பற்றி எழுதும்போது அளவோடும் நேரத்தோடும் அந்தப் புழுவின் படத்தையும் தயவுசெய்து போடுங்கள். எங்கள் பக்கத்து வீட்டு அம்மா அதைக் கெட்ட பூச்சி என்று நினைத்துத் தினமும் தேடிப் பிடித்து நசுக்கிக்கொண்டிருந்தார்.

இப்படிக்கு,
மாடித்தோட்ட வாசகி,
ஸ்ரீரங்கம்.