சீந்திலை முதலில் அடையாளம் காட்டுங்கள்

வடக்கு மாகாண சுதேச மருத்துவத் திணைக்களத்தில் பொறுப்பில் இருப்பவர்களுக்கு,

வணக்கம். ஒட்டுசுட்டான் பக்கமிருந்து எழுதுகிறேன். கேட்பது ஒன்றுதான்: வன்னியில் உள்ள உங்கள் மருந்தகங்களின் வளவில் ஒரு வேம்பை வைத்து, அதில் சீந்தில் என்ற மருந்துக்கொடியை ஏற்றிவிட்டு, வருகிற சனத்துக்கு அதைக் காட்டிப் பழக்குங்கள்.

கொரோனாவுக்குப் பிறகு சீந்தில் பெரிய ஆளாகிவிட்டது. யூடியூப்பைப் பார்த்துவிட்டு, இதய வடிவில் இலை கண்ட கொடியையெல்லாம் வெட்டி, மல்லியும் வேர்க்கொம்பும் போட்டு அவித்துக் குடிக்கிறார்கள். இலையை நம்பினால் பிழையாகிவிடும். சிங்களவர் ரசகிந்த என்பது சீந்தில். தித்தகிந்த வேறு கொடி; இலை ஏறக்குறைய அதேதான், ஆனால் தண்டு முழுக்க முண்டு முண்டாக இருக்கும். சீந்தில் தண்டிலோ தோல் மெல்லிய கடதாசியாக உரியும், உள்ளே பச்சை தெரியும். ஒருமுறை கையில் பிடித்துப் பார்த்தவருக்கு மாறாது. படத்தில் பார்த்தவருக்கு மாறும்.

2021 இல் மும்பை மருத்துவர்கள், சீந்தில் எடுத்த ஆறு பேருக்கு ஈரல் பாதிக்கப்பட்டதாக எழுதினார்கள். பாரம்பரிய மருத்துவத்துக்கான இந்திய ஆயுஷ் அமைச்சு அதை ஏற்கவில்லை. அந்த ஆறு பேர் எடுத்தது தித்தகிந்த இனமாகவும் இருக்கலாம் என்றது. அந்த வழக்குக்குள் நான் போகவில்லை. ஆனால் இந்தியாவிலேயே கொடி மாறலாம் என்றால், எங்கள் வேலியில் மாறாதா?

நல்ல சீந்திலும் எல்லாருக்கும் ஒத்துவராது. நீரிழிவுக்குக் குளிசை போடுபவருக்குச் சீனி அளவு கூடுதலாக இறங்கலாம். உடம்பின் எதிர்ப்புச் சக்தியை அடக்க மருந்து எடுப்பவர் தொடவே கூடாது. இதைப் பரியாரியார் நாடி பிடிக்கும்போதே விசாரிப்பார். யூடியூப் விசாரிக்காது.

மருந்தாகச் சீந்திலுக்கு இருக்கும் மதிப்பை நான் குறைக்கவில்லை. விட்டுவிட்டு வரும் காய்ச்சலுக்கும், மூட்டு வீங்கும் வாதத்துக்கும், நீரிழிவுக்கும் ஆயுர்வேதமும் சித்தமும் காலங்காலமாகக் கொடுத்து வந்த கொடி இது. தண்டை இடித்து நீரில் கரைத்து, தெளிய விட்டு, மேல்நீரை இறுத்து இறுத்துக் காயவைத்தால் அடியில் வெள்ளை மா நிற்கும். அதுதான் சீந்தில் சர்க்கரை. பெயர்தான் சர்க்கரை, இனிப்பை எதிர்பார்க்க வேண்டாம்! வேம்பில் படர்ந்தது விசேடம் என்பார்கள். சீந்திலைப் பச்சையாகவே பயன்படுத்த வேண்டும் என்பது ஆயுர்வேத விதி. அப்படியிருக்க, எப்போது வெட்டியது என்று தெரியாத காய்ந்த தூளைப் பைக்கற்றில் வாங்கிக் கொடுப்பதில் என்ன நியாயம்?

வன்னிக் கோடைக்கு இது அஞ்சாது. அடியை வெட்டினாலும் மேலிருந்து நூல்போல வேர் விட்டு மண்ணைத் தேடும். பெரிய செலவும் இல்லை. ஒரு வேம்பு, ஒரு முழத் தண்டு, இரண்டு கொடிகளின் வித்தியாசத்தையும் யார் குடிக்கக்கூடாது என்பதையும் எழுதிய ஒரு பலகை, அவ்வளவுதான்.

எங்கள் வேலியிலும் ஒரு கொடி நிற்கிறது. உங்கள் வைத்தியர் ஒருவர் வந்து பார்த்து, சீந்தில்தான் என்று சொன்னால், நடுவதற்கு வேண்டிய தண்டை நானே வெட்டித் தருகிறேன்.

இப்படிக்கு,
முல்லைத்தீவு மாவட்டத்து வீட்டுத்தோட்டக்காரர் ஒருவர்