இணைய வேலைக்காக வெளிநாடு செல்வோருக்கு விசாவோடு வரியும் விளக்கப்பட வேண்டும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

இணையத்தின் வழியாக வெளிநாட்டுக் கம்பனிகளுக்கும் வாடிக்கையாளர்களுக்கும் வேலை செய்து கொடுக்கும் இளைஞர்கள் இன்று ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை, பதுளை என்று மலையகமெங்கும் இருக்கிறார்கள். அவர்களில் சிலர், அதே வேலையை மலேசியாவிலோ தாய்லாந்திலோ சில காலம் தங்கியிருந்து செய்யலாம் என்ற எண்ணத்தில் புறப்படத் தொடங்கியிருக்கிறார்கள். இவ்வாறு தங்குவதற்கென்றே அந்த நாடுகள் தனி விசாக்களை ஏற்படுத்தியிருப்பதால் இது தவறான எண்ணமும் அல்ல. ஆனால் அவர்களை அனுப்பி வைக்கும் முகவர்கள் விசாவைப் பற்றி மட்டுமே பேசுகிறார்கள். வரியைப் பற்றிக் கேட்டால், "சம்பளம் வேறு நாட்டிலிருந்து வருகிறது, அதனால் எங்கேயும் வரி கிடையாது" என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுகிறார்கள். ஹட்டனில் சிறு வியாபாரிகளுக்கும் இணையத்தில் உழைக்கும் இளைஞர்களுக்கும் கணக்கு எழுதிக் கொடுப்பவன் என்ற முறையில், இந்தப் பதில் எவ்வளவு பெரிய சிக்கலில் கொண்டுபோய் விடுகிறது என்பதை உங்கள் பத்திரிகை வாயிலாக எடுத்துச் சொல்ல விரும்புகிறேன்.

ஒரு நாட்டில் எத்தனை நாள் தங்கலாம், அங்கே என்ன செய்யலாம் என்பதைக் குடிவரவுத் திணைக்களம் முடிவு செய்கிறது. அந்த நாட்களில் உழைத்த பணத்துக்கு வரி உண்டா என்பதை வரித் திணைக்களம் முடிவு செய்கிறது. இரண்டும் வெவ்வேறு சட்டங்களின் கீழ் இயங்குபவை. நாட்களை எண்ணும் முறையும் வேறு. விசாவில் முத்திரை விழுந்துவிட்டது என்பதால் வரித் திணைக்களத்தின் கேள்விக்கு விடை கிடைத்துவிடாது. குரோஷியாவைப் போல, இத்தகைய விசாவில் வந்திருப்பவர் வெளிநாட்டுக்குச் செய்யும் வேலையின் வருமானத்துக்கு வரி இல்லை என்று சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கும் நாடுகளும் இருக்கின்றன. எல்லா நாடுகளும் அப்படிச் செய்யவில்லை.

நம்மவர்கள் அதிகம் நாடும் மலேசியாவையே எடுத்துக்கொள்வோம். அங்கே 2022ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ராந்தாவ் நோமட் பாஸ் என்னும் அனுமதியுடன் 3 முதல் 12 மாதங்கள் வரை தங்கலாம். பின்னர் மேலும் 12 மாதங்களுக்கு நீடிக்கலாம். கணினித் துறையினர் ஆண்டுக்கு 24,000 அமெரிக்க டொலர் வருமானத்தையும், பிற துறையினர் 60,000 டொலர் வருமானத்தையும் காட்ட வேண்டும். முகவர்களின் துண்டுப் பிரசுரங்கள் இந்த அளவில் நின்றுவிடுகின்றன. மலேசிய வரிச் சட்டமோ, ஊழியர் ஒருவர் மலேசிய மண்ணில் இருந்து செய்த வேலைக்கான சம்பளத்தை, அது எந்த நாட்டு வங்கிக்கு வந்தாலும், மலேசியாவில் ஈட்டிய வருமானமாகவே கொள்கிறது. ஆண்டில் 182 நாட்கள் அங்கே இருந்தவர் வரி நோக்கில் அந்நாட்டு வதிவாளர், அதாவது அங்கே வசிப்பவராகக் கொள்ளப்படுபவர், ஆகிறார். அவருக்குப் படிமுறை வீதங்களும் (வருமானம் கூடக் கூட உயரும் வீதங்கள்) கழிவுகளும் உண்டு. அதைவிடக் குறைவாக, நான்கு மாதம் மட்டும் தங்கிய ஒருவர் வதிவாளர் ஆகமாட்டார். அதனால் அவர் தப்பிவிட்டார் என்று நினைக்கலாம். உண்மையில் 60 நாட்களுக்கு மேல் வேலை செய்த வதிவற்ற ஊழியருக்குத்தான் எந்தக் கழிவும் இல்லாமல் நேரடியாக 30 வீத வரி இருக்கிறது. குறுகிய காலம் தங்கினால் வரி குறையும் என்ற கணக்கு இங்கே தலைகீழாகிறது.

இலங்கைக்கும் மலேசியாவுக்கும் இடையே இரட்டை வரிவிதிப்புத் தவிர்ப்பு உடன்படிக்கை இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். இருக்கிறது, நமது நாடு 40க்கும் மேற்பட்ட நாடுகளுடன் இத்தகைய உடன்படிக்கைகளைச் செய்திருக்கிறது. தங்கிய காலம் 183 நாட்களைத் தாண்டாமலும், சம்பளம் தருபவர் அந்த நாட்டவராக இல்லாமலும், அவருக்கு அங்கே நிலையான அலுவலகம் எதுவும் இல்லாமலும் இருந்தால் வேலை செய்த நாடு வரி கேட்பதில்லை என்பதே இவற்றில் பொதுவாகக் காணப்படும் ஏற்பாடு. ஆனால் அந்தச் சலுகை தானாக வந்து சேராது. நான் இலங்கையின் வரி வதிவாளர் என்று நமது உள்நாட்டு இறைவரித் திணைக்களத்திடம் சான்றிதழ் பெற்று அங்கே காட்ட வேண்டும். இங்கே வரிக் கோவையே திறக்காத ஒருவருக்கு அந்தச் சான்றிதழை யார் கொடுப்பார்கள்?

தாய்லாந்தின் நிலைமை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டியது. 2024 ஜூலையில் அறிமுகமான டெஸ்டினேஷன் தாய்லாந்து விசா ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும். ஒவ்வொரு முறை நுழையும்போதும் 180 நாட்கள் வரை தங்கலாம். 500,000 பாத் கையிருப்பைக் காட்ட வேண்டும். அந்நாட்டு வரிச் சட்டத்திலும் ஒரு 180 இருக்கிறது. ஒரு நாட்காட்டி ஆண்டில் 180 நாட்கள் அங்கே இருந்தவர் வரி வதிவாளர் ஆகிறார். 2024 ஜனவரி முதல் அவர் வெளியே உழைத்துத் தாய்லாந்துக்குள் கொண்டுவரும் பணமும் வரிக்கு உட்படுகிறது. தாய்லாந்தில் இருந்து செய்த வேலைக்கான ஊதியமோ, எங்கே செலுத்தப்பட்டாலும் அந்நாட்டு வருமானம்தான். விசா தரும் நாட்களை ஒரே ஆண்டுக்குள் முழுதாகப் பயன்படுத்துபவர், தாம் அறியாமலேயே வரி எல்லையைத் தொட்டுவிடுகிறார்.

தாய்லாந்து என்றதும் இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. கணினி வேலை என்று சொல்லிச் சுற்றுலா விசாவில் அங்கே அழைத்துச் செல்லப்பட்ட இலங்கையர்கள், எல்லை கடத்தப்பட்டு மியன்மாரின் மியாவடிப் பகுதியில் இணைய மோசடி முகாம்களில் அடைக்கப்பட்டதை நாம் எல்லோரும் செய்திகளில் படித்தோம். எந்த வகை விசா, யாருக்காக வேலை, சம்பளம் எப்படி வரும் என்ற கேள்விகளுக்கு எழுத்தில் பதில் தராத முகவரை நம்பி எந்தப் பெற்றோரும் பிள்ளையை அனுப்பிவிடக் கூடாது.

இனி நம் நாட்டுப் பக்கம். வெளிநாடு போய்விட்டால் இலங்கை வரி முடிந்துவிடும் என்பது அடுத்த தவறான நம்பிக்கை. 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டப்படி, வரியாண்டில் தொடங்கும் அல்லது முடியும் ஏதேனும் ஒரு 12 மாத காலத்தில் 183 நாட்கள் இங்கே இருந்தவர் வதிவாளர். வதிவாளருக்கு உலகின் எப்பகுதியில் கிடைத்த வருமானமும் இங்கே கணக்கில் வரும். நமது வரியாண்டு ஏப்ரல் 1இல் தொடங்கி மார்ச் 31இல் முடிவதால், ஐப்பசியில் விமானம் ஏறிய பிள்ளை அந்த ஆண்டு முழுவதற்கும் இலங்கையின் வதிவாளராகவே இருப்பார். அங்கே வரி கட்டியிருந்தால் இங்கே அதைக் கழித்துக்கொள்ளலாம். ஆனால் கட்டிய ரசீது கையில் இருக்க வேண்டும்.

இங்கேயே இருந்து வெளிநாட்டு வாடிக்கையாளருக்குச் சேவை வழங்குவோருக்கு முன்பு இருந்த விலக்கு 2025 ஏப்ரல் 1 முதல் நீங்கி, அதிகபட்சம் 15 வீத வரி வந்துவிட்டது என்பதும் தோட்டப்புறங்களில் இன்னும் பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களில் பலர், வருமானம் முழுவதிலும் 15 வீதம் போய்விடும் என்று பயப்படுகிறார்கள். கணக்கைப் போட்டே காட்டுகிறேன். மாதம் 3 இலட்சம் ரூபா பெறுபவரின் ஆண்டு வருமானம் 36 இலட்சம். அதில் 18 இலட்சம் தனிநபர் நிவாரணமாகக் கழியும். எஞ்சிய 18 இலட்சத்தில் முதல் 10 இலட்சத்துக்கு 6 வீதப்படி 60,000 ரூபா. மீதி 8 இலட்சத்துக்கு 15 வீதப்படி 120,000 ரூபா. ஆக மொத்தம் 180,000 ரூபா, அதாவது மொத்த வருமானத்தில் 5 வீதம். மாதம் ஒன்றரை இலட்சத்துக்கு உட்பட்டு உழைப்பவருக்கு வேறு வருமானம் இல்லையென்றால் வரியே இல்லை. ஆனால் இந்த 15 வீத உச்சவரம்பு, பணம் வெளிநாட்டு நாணயமாக வங்கி வழியே நாட்டுக்குள் வந்தால் மட்டுமே பொருந்தும். அந்தப் பணத்தை இணையப் பணப்பையில் வைத்துக்கொண்டு, தெரிந்தவர் ஒருவரிடம் கொடுத்து ரூபாவாக மாற்றிக்கொள்பவர் சாதாரண வீதங்களுக்குள் விழுந்துவிடுவார். மேலே சொன்ன அதே வருமானத்துக்கு 222,000 ரூபா கட்ட நேரிடும். 42,000 ரூபா என்பது நம் வீடுகளில் சிறிய தொகை அல்ல.

இதே சட்டம் எல்லவிலும் ஹப்புத்தளையிலும் அறை எடுத்து மாதக்கணக்கில் மடிக்கணினியோடு தங்கியிருக்கும் வெளிநாட்டவருக்கும் பொருந்தும். வருகை விசாவை 270 நாட்கள் வரை நீடிக்க முடிவதால், அவர்களிலும் 183 நாட்களைத் தாண்டுவோர் இருப்பார்கள். அவர்களை விருந்தினராக வைத்திருப்பவர்கள் இதை எடுத்துச் சொல்வது நல்லது.

மலையகத்துக்கே உரிய ஒரு தடையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், வாழும் குடும்பங்கள் பலவற்றுக்கு இன்னமும் தனி முகவரி இல்லை. தபால் தோட்ட அலுவலகத்துக்கு வந்து, அங்கிருந்து யாராவது எடுத்துவந்து கொடுக்கும்போதுதான் கைக்குக் கிடைக்கிறது. என்னிடம் வந்த ஒரு தம்பி வைத்திருந்த கடிதத்தில், பதில் தரவேண்டிய திகதி ஏற்கெனவே கடந்திருந்தது. உறை கசங்கி, அதன் மேல் மூன்று கைகளின் எழுத்து இருந்தது: பிரிவின் பெயரை ஒருவர் வெட்டித் திருத்தியிருந்தார், லய இலக்கத்தை இன்னொருவர் சேர்த்திருந்தார். உள்ளே இருந்ததோ ஆங்கிலக் கடிதம். வீட்டில் எல்லோரும் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, வழக்குப் போட்டுவிட்டார்கள் என்று அழுதிருக்கிறார்கள். அது வரிப் பதிவு பற்றிய சாதாரண அறிவித்தல். மாதம் முழுக்க இரவு விழித்து நேர்மையாக உழைத்த பிள்ளைக்கு, தமிழில் இரண்டு பக்கம் எழுதி உரிய நேரத்தில் கிடைக்கச் செய்திருந்தால் அந்தக் கண்ணீருக்கு இடமே இருந்திருக்காது. வெளிநாட்டு விசாவுக்கு விண்ணப்பிக்கும்போதும் இதே முகவரிச் சிக்கல் வருகிறது. அடையாள அட்டையில் ஒன்று, வங்கிக் கூற்றில் வேறொன்று என்று இருந்தால் விண்ணப்பம் சந்தேகத்துக்கு இடமாகிறது.

ஆகவே உள்நாட்டு இறைவரித் திணைக்களம், இணைய வேலை செய்வோருக்கான வரி விளக்கத்தைத் தமிழில் அச்சிட்டு நுவரெலியா, பதுளை மாவட்டங்களின் பிரதேச செயலகங்களிலும் தோட்டப்புறப் பாடசாலைகளிலும் கிடைக்கச் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். தமிழ் அரச கரும மொழியாக இருக்கும் நாட்டில் இது சலுகை கேட்பது ஆகாது. லய முகவரிப் பிரச்சினையைத் தபால் திணைக்களமும் தோட்ட நிர்வாகங்களும் இனியும் ஒருவரை ஒருவர் காட்டித் தள்ளிப்போடக் கூடாது.

வெளிநாடு செல்லவிருக்கும் இளைஞர்கள், போகும் முன்பே வரி செலுத்துநர் அடையாள இலக்கத்தைப் பெற்றுக்கொள்ளுங்கள். கடவுச்சீட்டில் முத்திரை விழுந்த ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்து வையுங்கள். ஒப்பந்தத்தையும் வங்கிக் கூற்றையும் ஆண்டுவாரியாகச் சேர்த்து வையுங்கள். எந்த நாட்டில் எத்தனை நாள் இருந்தீர்கள் என்பதை நிரூபிக்க உங்களிடம் இருக்கப்போவது இவை மட்டுமே.

உங்கள் பத்திரிகையும் இது குறித்துத் தகுதி பெற்ற வரி ஆலோசகர் ஒருவரைக் கொண்டு ஒரு கேள்வி பதில் பகுதியை நடத்தினால் பேருதவியாக இருக்கும். காலாண்டுத் தவணைகள் ஆகஸ்ட் 15, நவம்பர் 15, பெப்ரவரி 15, மே 15 ஆகிய திகதிகளிலும், ஆண்டு வரி விவரத்திரட்டு நவம்பர் 30ஆம் திகதியிலும் முடிவதால், ஆகஸ்ட் பிறக்கும் முன்பே அந்தப் பகுதியைத் தொடங்குமாறு பணிவோடு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
கணக்காளர் ஒருவர்,
ஹட்டன்.