ரவுட்டரையும் பூட்டி வையுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அம்பாசமுத்திரம் பக்கம் ஓர் அரிசி ஆலையில் 19 வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். கடந்த பிசானப் பருவ நெல் அறுவடையில் எங்களுக்கு நேர்ந்தது வேறு எந்த மில்லுக்கும் கடைக்கும் நேரக் கூடாது.

ஒரு திங்கட்கிழமை காலை, கணக்கு எழுதும் டேலி சாஃப்ட்வேர் திறக்கவில்லை. ஒவ்வொரு ஃபைல் பெயருக்குப் பின்னாலும் புரியாத எழுத்துகள். பிட்காயினில் பணம் அனுப்பினால்தான் கணக்கு திரும்பக் கிடைக்கும் என்று திரையில் மிரட்டல். வாசலில் நெல் லாரிகள். முந்தின வாரம் நெல் போட்ட பெரியவர் ஒருவர் எடைச்சீட்டை என் மேசையில் வைத்து, "தாயி, கூட்டுறவு பேங்குல நகையத் திருப்பணும், இன்னைக்குத்தான் கெடு" என்றார். எடை சீட்டில் இருந்தது. அவர் வாங்கிய முன்பணம் எவ்வளவு என்பது கம்ப்யூட்டருக்குள் மாட்டிக்கொண்டது. அவர் முகத்தை இன்னும் மறக்க முடியவில்லை.

ஆடிட்டர் டவுனில் இருந்தபடியே கணக்குப் பார்ப்பதற்காக, நெட்வொர்க் போட்டுத் தந்தவர், வெளியூரிலிருந்தே கம்ப்யூட்டரை இயக்க உதவும் ரிமோட் டெஸ்க்டாப்பை இணையத்துக்கு நேராகத் திறந்து விட்டிருந்தார். அதற்கான வாசல் எண், அதாவது போர்ட் எண், 3389. இந்த எண்ணில் எந்தக் கதவு திறந்திருக்கிறது என்று உலகின் ஏதோ மூலையிலிருந்து புரோகிராம்கள் இரவு பகலாகத் தட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கின்றன. எங்கள் பாஸ்வேர்டு, மில் பெயரோடு 123.

பேக்கப் எடுத்துத்தான் வந்தோம். ஆனால் அந்த ஹார்ட் டிஸ்க் எந்நேரமும் கம்ப்யூட்டரிலேயே செருகிக் கிடந்ததால் அதுவும் சேர்ந்து போயிற்று. யார் எப்போது நுழைந்தார்கள் என்று இணைய இணைப்பைத் தரும் ரவுட்டரில் பார்க்கப் போனால், கரண்ட் போய் வந்ததில் அந்தப் பதிவும் அழிந்திருந்தது. இப்படித் தாக்குதல் நடந்தால் 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்று மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலிலேயே உத்தரவு போட்டிருக்கிறது. எங்கள் காதுக்கு அது வந்ததே இல்லை.

எங்கள் முதலாளி அண்ணாச்சி, மிரட்டியவர்களுக்குப் பணம் கட்ட மறுத்துவிட்டார். ஆடிட்டரிடம் ஜனவரி வரையிலான காப்பி ஒன்று இருந்தது. மீதியை எடைச்சீட்டு அடிக்கட்டைகளைப் பார்த்துப் பார்த்து நானும் இன்னொரு பெண்ணும் 11 நாள் ராத்திரி பத்து மணி வரை ஏற்றினோம்.

இப்போது ஆடிட்டர் விபிஎன் என்ற பாதுகாப்பான தனிவழியாக, ஓடிபி போட்டுத்தான் உள்ளே வருகிறார். எடைமேடைக் கம்ப்யூட்டர் பழைய விண்டோஸ் 7; எங்கள் எடை சாஃப்ட்வேர் வேறெதிலும் ஓடாது. அந்த விண்டோஸுக்கான பாதுகாப்பு அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரியோடு நிறுத்திவிட்டதால், அதற்கு இணையமே கொடுப்பதில்லை. கேமராவும் டிரைவர்களுக்கான வைஃபையும் தனி நெட்வொர்க்கில். பேக்கப்புக்கு இரண்டு டிஸ்க். சனிக்கிழமைதோறும் ஒன்று கழற்றி அண்ணாச்சி வீட்டு மாடி பீரோவுக்குப் போகும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் தண்ணீர் ஏறியதைப் பார்த்தவர்களுக்கு, மாடி ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை.

நெட்வொர்க் போடுகிறவர்கள் எந்தெந்த போர்ட்டைத் திறந்து வைத்திருக்கிறார்கள் என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும். வியாபாரிகள் சங்கங்களும் மாவட்டத் தொழில் மையமும் சேர்ந்து, பேட்டை ஐடிஐ மாணவர்களைக் கொண்டு ஊருக்கு ஒரு நாள் கடை கடையாகச் சோதித்துக் கொடுத்தால் பெரிய உதவி. கார் பருவ நெல் அறுவடைக்கு முன்பே இதைத் தொடங்கச் சொல்லித் தங்கள் பத்திரிகை வலியுறுத்த வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓர் அரிசி ஆலைக் கணக்கர்,
அம்பாசமுத்திரம்.