இல்லை என்று சொல்ல 23 ரூபாய் 60 காசு

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பதில் எழுத உட்காரும்போதெல்லாம் யாராவது வந்துவிடுகிறார்கள், இல்லையென்றால் கரண்ட் போய்விடுகிறது. முழங்கால் பரவாயில்லை, மாடிப்படி மட்டும்தான் இன்னும் ஆகவில்லை. பேத்திக்கு மொட்டை போட்ட போட்டோ பார்த்தோம். அப்படியே உங்க அம்மா ஜாடை என்று வீட்டில் சொன்னாள், எனக்கும் அப்படித்தான் பட்டது. கோயம்புத்தூர் தண்ணீரைப் பற்றி நீ இன்னும் எத்தனை கடிதம் எழுதப் போகிறாய் என்று தெரியவில்லை, சிறுவாணியைக் குடித்தவன் வைகைக்காரனிடம் பெருமை பேசுவது நியாயமில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீ முப்பத்து நாலு வருஷம் பேங்க்கில் உட்கார்ந்தவன் என்பதால் இதை உன்னிடம்தான் கொட்ட வேண்டும். திட்டுவாய். திட்டு, ஆனால் முழுவதையும் படித்துவிட்டுத் திட்டு.

எங்கள் தெரு முனையில் இட்லிக் கடை போடும் அக்காவை உனக்கு ஞாபகம் இருக்கும், போன தடவை வந்தபோது தண்ணிச் சட்னிக்காகவே எட்டு இட்லி உள்ளே தள்ளினாயே, அதே கடைதான். அவருக்கு மாதா மாதம் 15-ஆம் தேதி வாக்கில் மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் கணக்கில் ஏறும். அந்தக் கணக்கில் வேறு வரவு கிடையாது. ஆயிரம் ஏறும், ஆயிரம் இறங்கும், அடியில் முப்பது நாற்பது ரூபாய் கிடக்கும். போன மாதம் வியாபார நேரத்தில் நகர முடியவில்லை என்று கார்டை என்னிடம் கொடுத்து, காதோடு நாலு நம்பரையும் சொல்லி, "தம்பி, எடுத்துட்டு வந்திருங்க, மாவு மில்லுக்குக் கொடுக்கணும்" என்றார். (பின் நம்பரை யாரிடமும் சொல்லக்கூடாது, சொன்னால் வாங்கிக்கொள்ளவும் கூடாது. எல்லாம் தெரியும். தெரிந்துதான் போனேன்.)

பக்கத்தில் இருந்த ஏ.டி.எம் வேறு பேங்க்கினுடையது. ஆயிரம் என்று அழுத்தினேன். கொஞ்ச நேரம் உள்ளே கடகடவென்று யோசித்துவிட்டு, பரிவர்த்தனையைச் செய்ய முடியவில்லை என்று திரையில் வந்தது. ஏன் என்று சொல்லவில்லை. ஸ்லிப்பும் வரவில்லை, அதில் பேப்பர் தீர்ந்து எத்தனை நாளாயிற்றோ. நான் என்ன நினைப்பேன்? மெஷினில் பணம் இல்லை என்று நினைத்தேன். இன்னொரு தடவை போட்டேன், அதே பதில். பத்துக் கடை தள்ளி இருந்த அடுத்த மெஷினுக்குப் போய் மறுபடி ஆயிரம் போட்டேன், அதுவும் கைவிரித்தது. அப்புறம்தான் சந்தேகம் வந்து, ஆட்டோ பிடித்து அக்காவின் பேங்க் மெஷினுக்கே போய் இருப்பைப் பார்த்தால் 795 ரூபாய். அங்கே 700 எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தேன்.

ஆயிரம் ஏறியிருக்கிறது, 795 எப்படி? அந்த வாரம்தான் கார்டுக்கு வருஷக் கட்டணம் பிடித்திருக்கிறார்கள், 200 ரூபாய், வரி 36. பழைய மிச்சம் 31. நீயே கூட்டிக் கழித்துக்கொள், 795 வரும். மறுநாள் அக்காவின் போனில் மூன்று மெசேஜ். ஒவ்வொன்றும் 23 ரூபாய் 60 காசு. நான் அழுத்திய மூன்று ஆயிரத்துக்கும் ஒவ்வொன்றாக 20 ரூபாய், அதற்கு ஜி.எஸ்.டி 18 சதவீதம். 70 ரூபாய் 80 காசு போய், கணக்கில் 24 ரூபாய் 20 காசு நின்றது. அக்கா கோபப்படவே இல்லை. மெசேஜைக் காட்டி, "ஏழு இட்லி தம்பி" என்றார், அவ்வளவுதான். எனக்குத்தான் தொண்டையில் சோறு இறங்கவில்லை.

கிளைக்குப் போனேன், அக்காவையும் கூட்டிக்கொண்டுதான். கவுன்ட்டரில் சின்னப் பெண், பொறுமையாகத்தான் பேசியது, அந்தப் பிள்ளையைக் குறை சொல்ல மாட்டேன். "சார், இது இருப்பு இல்லாம டிக்ளைன் ஆனது. சிஸ்டமே போட்டுடும், எங்க கையில இல்ல" என்றது. மெஷின் கோளாறு என்றால் பணம் திரும்ப வரும், இது கோளாறு இல்லை என்றது. அது சொன்னது உண்மைதான், அதுதான் எனக்கு எரிகிறது.

ஏனென்றால் கோளாறு விஷயம் எனக்கே நடந்திருக்கிறது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் தூத்துக்குடியில் ஒரு மெஷின் 5,000 ரூபாயைக் கணக்கில் கழித்துவிட்டு வெறும் சத்தம் மட்டும் போட்டது, நான் பதறிப்போய் உனக்குப் போன் பண்ணினேன். நீ சாவகாசமாக, ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரிலேயே விதி போட்டுவிட்டது, பணம் வராமல் கணக்கில் கழிந்தால் ஐந்து நாளுக்குள் பேங்க்கே திருப்பிப் போட வேண்டும், அதற்கு மேல் ஆனால் நாளொன்றுக்கு 100 ரூபாய் உனக்குத் தர வேண்டும், பேசாமல் தூங்கு என்றாய். மூன்றாம் நாள் வந்துவிட்டது. சொல்லப்போனால் ஐந்து நாள் தாண்டாதா என்று ஒரு சின்ன ஆசைகூட எனக்கு இருந்தது.

அதே 2019-இல் ஆகஸ்டில் வந்த சுற்றறிக்கையையும் இப்போது தேடிப் படித்தேன். மெஷின் கோளாறு, இணைப்புக் கோளாறு, மெஷினில் நோட்டு இல்லாமை, தவறான பின் நம்பர், இந்தக் காரணங்களால் நின்றுபோன முயற்சியை மாதம் இத்தனை தடவை இலவசம் என்கிற எண்ணிக்கையில் சேர்க்கக் கூடாது, கட்டணமும் கூடாது. கவனித்தாயா, தவறான பின் நம்பர்! அதாவது அக்காவின் கார்டை எவனாவது திருடிக்கொண்டு போய் தப்பான நம்பரை அழுத்திப் பார்த்தால் இலவசம். அக்கா கொடுத்த சரியான நம்பரை நான் அழுத்தி, கணக்கில் 205 ரூபாய் குறைந்த பாவத்துக்கு 23.60. கணக்கில் இருப்பு இல்லாமல் நின்றால் என்ன என்பது அந்தப் பட்டியலில் இல்லை, அந்த இடுக்கில்தான் இந்தக் கட்டணம் உட்கார்ந்திருக்கிறது. 20 ரூபாய் வாங்குகிற பேங்க்கும் இருக்கிறது, 25 வாங்குகிற பேங்க்கும் இருக்கிறது. சில பேங்க்கில் சொந்த மெஷினில் நின்றால் வாங்குவதில்லை, அடுத்தவன் மெஷினில் நின்றால் மட்டும் வாங்குகிறார்கள்.

நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். அடுத்த பேங்க் மெஷினில் கார்டைச் செருகினால் கேள்வி அந்த பேங்க்குக்குப் போய், அங்கிருந்து எல்லா பேங்க் ஏ.டி.எம்களையும் இணைக்கிற நேஷனல் ஃபைனான்ஷியல் ஸ்விட்ச் வழியாக நம் பேங்க்குக்கு வந்து, பதில் அதே வழியில் திரும்பிப் போகிறது, இதற்கெல்லாம் செலவு இருக்கிறது, சும்மா அழுத்திக்கொண்டே இருந்தால் யார் கட்டுவது என்பாய். ஒத்துக்கொள்கிறேன், செலவு இருக்கிறது. ஆனால் கணக்கு போட்டுப் பார். 2025 மே மாதத்திலிருந்து, அடுத்த பேங்க் மெஷின் நமக்குப் பணம் எண்ணிக் கொடுத்தால் நம் பேங்க் அவர்களுக்குத் தருவது 19 ரூபாய், இருப்பு பார்ப்பது போன்ற பணமில்லாத வேலைக்கு 7 ரூபாய், வரி தனி. மதுரை மாதிரி ஊரில் வெளி மெஷினில் மாதம் ஐந்து தடவை இலவசம், அதைத் தாண்டினால் நம்மிடம் 23 ரூபாய் வரை வாங்கலாம், வரியோடு 27 ரூபாய் 14 காசு. அதாவது நோட்டை எண்ணி, வெளியே தள்ளி, வண்டியும் காவலாளும் வைத்து மறுபடி நிரப்பி, இவ்வளவும் செய்ததற்கு 27.14. இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னதற்கு 23.60. நடுவில் 3 ரூபாய் 54 காசு. அந்த 3 ரூபாய் 54 காசுக்கா அத்தனை வேலையும்?

இன்னொன்று. மெஷினில் 500 ரூபாய்த் தாள் மட்டும் இருந்தால் 480 வைத்திருப்பவன் என்ன செய்வான்? ஐந்நூறு ஏறியிருக்கும் என்று அழுத்திப் பார்ப்பான். 75 சதவீத ஏ.டி.எம்களிலாவது 100 அல்லது 200 ரூபாய்த் தாள் கிடைக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2025 செப்டம்பர் வரை கெடு வைத்தது. எங்கள் பக்கத்து மெஷின் மீதி 25 சதவீதத்தில் சேர்ந்தது போலிருக்கிறது.

எனக்குத் திரும்பத் திரும்ப மேலமாசி வீதிக் கிளைதான் ஞாபகம் வந்தது, மாப்ளே. பித்தளை டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருப்போம். பூக்காரம்மா ஒருவர் எப்போது வந்தாலும் இருக்கிறதைவிட ஐம்பது ரூபாய் கூட எழுதிவிடுவார், அவருக்குக் கணக்கு நிற்காது. நீ லெட்ஜரைப் பார்த்துவிட்டு, "ஆத்தா, நூத்தி முப்பதுதான் கெடக்கு, நூறுன்னு மாத்தி எழுதித் தா" என்று உள்ளே இருந்தே கத்துவாய். அவர் ஸ்லிப்பைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு எழுதுவார், நான்தான் பாதி நாள் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அந்தக் கத்தலுக்கு ஒரு பைசா வாங்கியிருப்பாயா? வாங்கியிருந்தால் உன் சட்டையைப் பிடித்திருப்பார். கணக்கில் பணம் போதவில்லை என்பது நிராகரிக்கும்போதே மெஷினுக்குத் தெரியும். உன்னைப் போல அதைச் சொல்லித் தொலைத்திருந்தால் நான் இரண்டாம் தடவை அழுத்தியிருக்க மாட்டேன்.

கிளையில் ஒரு நல்லது நடந்தது. அடிப்படைச் சேமிப்புக் கணக்காக மாற்றித் தரச் சொல்லிக் கேட்டேன், அதில் மினிமம் பேலன்ஸும் கிடையாது, கார்டுக்கு வருஷக் கட்டணமும் கிடையாது, மாதம் நாலு தடவை எடுப்பது எப்படியும் இலவசம். அக்காவுக்கு அது போதும், அவர் எடுப்பதே ஒரு தடவைதான். அந்தப் பெண் உடனே படிவம் எடுத்துக் கொடுத்து, அக்காவுக்குப் புரிகிற மாதிரி சொல்லிக் கையெழுத்தும் வாங்கியது. இதை முதலிலேயே யாராவது சொல்லியிருந்தால் 236 ரூபாயும் மிஞ்சியிருக்கும். இனிமேல் ஆயிரம் ஏறியதும் மிஸ்டு கால் கொடுத்து இருப்பைப் பார்த்துவிட்டுத்தான் மெஷின் பக்கம் போக வேண்டும் என்று அக்காவின் மகனிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

எழுபது ரூபாயை நான் கொடுத்தேன், அக்கா வாங்கவில்லை. சட்னிப் பாத்திரத்துக்கு அடியில் வைத்துவிட்டு வந்தேன். மறுநாள் பார்சலில் ஏழு இட்லி கூட இருந்தது, எண்ணிப் பார்த்தேன்.

இப்போது உன்னிடம் வேலை. பேங்க்குக்குப் புகார் எழுதப் போகிறோம், அக்கா பெயரில். மூன்றாவது தடவை வேறு மெஷின், அதை விட்டுவிடலாம். ஆனால் காரணமே சொல்லாத மெஷினில் இரண்டாம் தடவைக்கும் ஏன் பிடித்தீர்கள் என்று கேட்க நினைக்கிறேன். 30 நாளில் பதில் வரவில்லை, அல்லது வந்த பதில் சரியில்லை என்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம், 14448-இல் கேட்டால் வழி சொல்வார்கள் என்று படித்தேன். ஜெயிக்குமா என்றால் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை, விதி அவர்கள் பக்கம் இருக்கிறது. ஆனாலும் உங்கள் ஆட்கள் பாஷையில், எந்த வார்த்தை போட்டால் மேலே இருக்கிறவன் ஒரு நிமிஷமாவது நின்று படிப்பான் என்று உனக்குத்தான் தெரியும். ஒரு பக்கத்துக்கு மேல் போகாமல் எழுதி அனுப்பு, நான் அக்காவிடம் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கிவிடுகிறேன்.

சித்திரைத் திருவிழாவுக்கு வருகிறேன் என்று போன வருஷமும் சொன்னாய், வரவில்லை. இந்தத் தடவை எதிர்சேவைக்கு முந்தின நாளே வந்துவிடு, பேத்தியையும் கூட்டிக்கொண்டு வா. தங்கச்சியிடம் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்