பூஞ்சைக்கு வெளிச்சம் எதற்கு?

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. நலம் விசாரித்த வரிகளுக்கு நன்றி. இங்கு அனைவரும் நலம். பச்சையமே இல்லாத பூஞ்சைக்கு வெளிச்சத்தால் ஆவதென்ன என்று நீ கடைசியில் கேட்டிருந்தாயே, இரண்டு மாதமாக நானும் அந்தக் கேள்வியோடுதான் ஆய்வகத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

சென்ற மாதம் நியூரோஸ்போரா கிராஸா என்னும் பூஞ்சையை இருட்டில் வளர்ப்பதற்காகக் குடுவைகளை அலுமினியத் தாளால் சுற்றி வைத்தேன். ஒன்றில் தாள் நெகிழ்ந்திருந்ததை நான் கவனிக்கவில்லை. பிரித்தபோது மற்றவற்றில் இழைகள் பஞ்சுபோல வெளுத்திருக்க, அதில் மட்டும் ஆரஞ்சு நிறம் ஏறியிருந்தது. சோதனை வீணாயிற்று என்று வருந்தினேன்; ஆனாலும் மரபணுக்கள் விழித்தெழுந்து வேலை செய்ததன் தடம் கண்ணெதிரே தெரிந்ததால், அந்தக் குடுவையைக் கொட்ட மனம் வரவில்லை.

அந்த நிறத்தைத் தருவது கரோட்டினாய்டு என்னும் நிறமி. அதை உண்டாக்கும் நொதிகளுக்குரிய மரபணுக்கள் இருட்டில் பெரும்பாலும் அடங்கிக் கிடக்கின்றன. நீல ஒளி பட்டதும், ஒயிட் காலர்-1 என்னும் புரதம் தன்னிடமுள்ள எஃப்ஏடி என்ற சிறு மூலக்கூறின் வழியாக அதை உணர்கிறது. ஒளியை உணரும் அதே புரதமே, ஒயிட் காலர்-2 என்னும் துணையோடு டிஎன்ஏவைப் பற்றிக்கொண்டு மரபணுக்களை முடுக்கியும் விடுகிறது என்பது 2002இல் உறுதியானது. செய்தி கேட்பவரும் ஆணையிடுபவரும் ஒருவரே என்பதால், சில நிமிடங்களிலேயே அம்மரபணுக்களின் நகலான ஆர்என்ஏ பெருகத் தொடங்குகிறது. பெயர்க்காரணமும் அழகானது: ஒயிட் காலர் புரதத்துக்குரிய மரபணு பழுதான பூஞ்சையைச் சோதனைக்குழாயில் வளர்த்தால், மேலே வித்துகள் ஆரஞ்சாகவே இருக்க, அவற்றுக்குக் கீழே இழைகள் வெள்ளைக் கழுத்துப்பட்டிபோல நிற்கும்.

என்னை உறங்கவிடாதது அடுத்த கட்டம். விளக்கு விடாமல் எரிந்தாலும், கரோட்டினாய்டு மரபணுக்களின் வேகம் ஏறக்குறைய அரை மணியில் உச்சத்தைத் தொட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் தணிந்துவிடுகிறது. ஒளியால் பிறக்கும் விவிட் என்ற சிறு புரதம், தன்னைப் பிறப்பித்த ஒயிட் காலர் புரத இணையையே சென்று பற்றி அடக்குகிறது. பிறகு வெளிச்சம் இன்னும் கூடினால், பூஞ்சை மறுபடி விழித்துக்கொள்கிறது. விவிட் இல்லாத வகை, ஓய்வறியாமல் கரோட்டினாய்டைக் குவித்து, பளிச்சென்ற ஆரஞ்சாகிவிடும்.

உன் கேள்விக்கு வருகிறேன். மண்ணுக்குள்ளோ மரக்கட்டைக்குள்ளோ பரவும் இழைக்கு, வெளிச்சம் என்பது திறந்தவெளிக்கு வந்துவிட்டோம் என்ற அறிவிப்பு. அங்கே புற ஊதாக் கதிரின் ஆபத்தும் உண்டு, வித்துகளைக் காற்றில் விடும் வாய்ப்பும் உண்டு. அதனால்தான் காப்பு நிறமியோடு, டிஎன்ஏவின் சிதைவைச் சீராக்கும் ஃபோட்டோலையேஸ் நொதியின் மரபணுவும் கூடவே முடுக்கப்படுகிறது என்று எண்ணுகிறேன். ஆஸ்பெர்ஜில்லஸ் நிடுலன்ஸ் என்னும் இன்னொரு பூஞ்சையிலோ, ஒளி இனப்பெருக்க முறையையே திருப்புகிறது: வெளிச்சத்தில் பாலிலா வித்துகள் மிகுகின்றன, இருட்டில் விஏ-ஏ என்னும் புரதம் உட்கருவுக்குள் திரண்டு, பாலினப்பெருக்கத்துக்கு வழிவிடுகிறது.

அடுத்த வாரம் சோதனையை மீண்டும் தொடங்குகிறேன். இம்முறை தாளை இரட்டையாகச் சுற்றி, சிவப்பு விளக்கில்தான் குடுவைகளைக் கையாளுவேன். நியூரோஸ்போரா அதைப் பொருட்படுத்துவதில்லை. சிவப்பொளியை உணரும் ஃபைட்டோகுரோம் என்ற புரதத்தைக் கொண்டு விழித்திருக்கும் ஆஸ்பெர்ஜில்லஸுக்கு அந்த விளக்கும் ஆகாது. நீ வரும்போது இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறேன்.

அன்புடன்,
மாதவன்