செயலாளர் ஆண்டறிக்கை 2024–25: லிஃப்ட்டுகளை நுழைவு அட்டையுடன் இணைத்த விவரம்

தலைவர் அவர்களுக்கும், செயற்குழு உறுப்பினர்களுக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் வீட்டு உரிமையாளர்கள், வாடகைக்குக் குடியிருப்போர் அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். தணிக்கை முடிந்த நகல் எல்லா வீட்டுக்கும் வந்திருக்கும். வழக்கமான வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மொட்டைமாடித் தொட்டிகளைக் கழுவியாயிற்று. மழைநீர் சேகரிப்புக் குழிகளில் மணலும் ஜல்லியும் மாற்றினோம். ‘பி’ பிளாக் வெளிச்சுவர் விரிசல்களைப் பூசி முடித்தோம். பெயின்ட் மட்டும் பாக்கி. பொங்கல் விழா நன்றாக நடந்தது, முன்னின்று செய்த இளைஞர்களுக்கு நன்றி.

இந்த ஆண்டு செயற்குழுவின் நேரத்தைப் பெருமளவு எடுத்துக்கொண்டது லிஃப்ட் வேலைதான். கேட்டில் இருந்த அட்டை முறையை இரண்டு பிளாக்குகளின் நான்கு லிஃப்ட்டுகளோடும் இணைத்திருக்கிறோம். இதை விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். ஏனென்றால் அட்டை எந்தக் கம்பெனியுடையது என்பதைவிட, அது வேலை செய்யாத நேரத்தில் என்ன ஆகும் என்பதற்குத்தான் நாங்கள் அதிகம் யோசித்தோம். அந்த முடிவுகள் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

எதனால் ஆரம்பித்தது என்பது பலருக்கு நினைவிருக்கும். சென்ற கோடையில் ‘கேஸ் அடுப்பு சோதனை’ என்று இரண்டு பேர் வந்தார்கள். செக்யூரிட்டி நோட்டில் ஒரு வீட்டு எண்ணை எழுதிவிட்டு நேராக ஒன்பதாவது மாடிக்குப் போய், அங்கிருந்து ஒவ்வொரு மாடியாக இறங்கிக் கதவைத் தட்டியிருக்கிறார்கள். தனியாக இருந்த வயதான அம்மாக்கள் இருவரிடம் ட்யூப் மாற்றியதாகச் சொல்லிப் பணம் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். கேட்டைத் தாண்டிய ஒருவர் எந்த மாடிக்கும் போகலாம் என்ற நிலை மாற வேண்டும் என்று சிறப்புப் பொதுக்குழு முடிவு செய்தது.

முறை எளிமையானதுதான். லிஃப்ட்டுக்குள் பட்டன்களுக்குப் பக்கத்தில் ஒரு கார்டு ரீடர். மேலே லிஃப்ட் மோட்டார் இருக்கும் மெஷின் ரூமில் ஒரு ரிலே பலகை, மாடிக்கு ஒரு ரிலே. ரிலே என்பது மின்சாரத்தால் இயங்கும் சின்ன ஸ்விட்ச், அதுதான் மாடிப் பட்டனைப் பூட்டி வைக்கும். அட்டையைக் காட்டினால் அந்த அட்டைக்கு உரிய மாடிகளின் ரிலே சில வினாடிகளுக்குப் பூட்டை விடும். அதற்குள் பட்டனை அழுத்தினால் விளக்கு எரியும். காட்டாமல் அழுத்தினால் எரியாது. லிஃப்ட் எப்படி ஓட வேண்டும், கதவு எப்போது திறக்க வேண்டும் என்பதிலெல்லாம் அட்டை முறை தலையிடாது. பெரிய அலுவலகக் கட்டடங்களில் அட்டை முறையின் கணினியும் லிஃப்ட்டின் கணினியும் நேரடியாகப் பேசிக்கொண்டு, எந்த லிஃப்ட்டில் ஏற வேண்டும் என்றே திரையில் காட்டுகின்றன. ஒன்பது மாடிக் குடியிருப்புக்கு அது தேவையில்லை, பராமரிப்பும் கட்டுப்படியாகாது.

முதல் தகராறு யார் எதைத் தொடலாம் என்பதில் வந்தது. அட்டை முறை போட வந்தவர்கள் லிஃப்ட் கன்ட்ரோல் பேனலைத் திறந்து தாங்களே வயரிங் செய்துவிடுவதாகச் சொன்னார்கள். அப்படிச் செய்தால் ஏஎம்சி (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்) செல்லாது என்று லிஃப்ட் கம்பெனி எழுதிக் கொடுத்தது. அவர்கள் சொன்னது நியாயம். லிஃப்ட் என்பது தமிழ்நாடு லிஃப்ட், எஸ்கலேட்டர் சட்டத்தின் (1997) கீழ் உரிமம் பெற்று ஓடுவது. யார் வேண்டுமானாலும் கைவைக்கும் பெட்டி இல்லை. அதனால் மின் ஆய்வாளர் அலுவலகத்தில் முன்கூட்டியே எழுத்து மூலம் கேட்டுக்கொண்டோம். அப்புறம் மெஷின் ரூமில் இருவருக்கும் நடுவே ஒரு டெர்மினல் பெட்டி வைத்தோம். பெட்டி வரைக்கும் அட்டைக்காரர் பொறுப்பு, பெட்டியிலிருந்து உள்ளே லிஃப்ட் கம்பெனி பொறுப்பு. பெட்டிக் கதவின் உள்பக்கம் எந்த வயர் எந்த மாடி என்று அச்சடித்து ஒட்டியிருக்கிறது. நாளை வேறு கம்பெனி வந்தாலும் அந்தத் தாள் போதும்.

இரண்டாவது சிக்கல், லிஃப்ட்டோடு ஏறி இறங்கும் கேபிள். ரீடருக்கு மின்சாரம் இரண்டு வயர், செய்தி இரண்டு வயர், விளக்குக்கும் பீப் ஒலிக்கும் இரண்டு என்று, ரீடர் அட்டை எண்ணைப் பலகைக்கு அனுப்பும் பழைய வீகாண்ட் முறையில் ஆறு வயர் வேண்டும். நம் கேபிளில் உபரியாக இருந்தது நான்குதான். அந்த நான்கும் கதவு மோட்டார் வயர்களை ஒட்டியே ஓடுவதால், சோதித்துப் பார்த்த லிஃப்ட்டில் கதவு அசையும்போதெல்லாம் அட்டை சரியாகப் படிக்கவில்லை. கடைசியில் நான்கு லிஃப்ட்டுக்கும் உறையிட்ட முறுக்கு வயர் உள்ள புதுத் தட்டைக் கேபிளை லிஃப்ட் கம்பெனியே போட்டது. ரீடரும் ஓஎஸ்டிபி என்ற புதிய முறையில் செய்தி அனுப்பும் வகைக்கு மாறியது. பழைய முறையில் அட்டை எண் மறையாக்கம் (பிறர் படிக்க முடியாதபடி மாற்றுவது) இல்லாமல் வயரில் போகும். இதில் மறையாக்கத்தோடு போகும். இந்த மாற்றத்தால் செலவு கூடியதைக் கணக்கில் பார்ப்பீர்கள். குறைத்திருக்கலாமே என்று சிலர் கேட்டார்கள். இருபது ஆண்டு ஓட வேண்டிய லிஃப்ட்டில் நான்கு பழைய வயரை நம்பியிருப்பது சிக்கனம் ஆகாது என்பது என் உறுதியான கருத்து.

அட்டையும் அதே பாதுகாப்புக் காரணத்துக்காகத்தான் மாறியது. நம்மிடம் இருந்த 125 கிலோஹெர்ட்ஸ் தடிமன் அட்டைக்குச் சாவி போடும் கடையிலேயே நகல் எடுத்துத் தருகிறார்கள். இப்போது கொடுத்திருப்பது 13.56 மெகாஹெர்ட்ஸில் வேலை செய்யும், எளிதில் நகல் எடுக்க முடியாத டெஸ்ஃபயர் வகை. முகம் பார்த்துத் திறக்கும் முறை வேண்டும் என்ற யோசனையும் வந்தது. குழந்தைகள், வேலைக்கு வருபவர்கள் உட்பட எல்லோருடைய முகத் தகவலையும் சங்கம் சேர்த்து வைத்துக் காக்கும் பொறுப்பு, 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் சிறிய விஷயம் இல்லை. தொலைந்தால் அட்டையை ரத்து செய்யலாம். முகத்தை மாற்ற முடியாது. வேண்டாம் என்று முடிவு செய்தோம்.

இனி முக்கியமான விஷயம். நம் ரிலேக்கள் மின்சாரம் இருந்தால்தான் மாடியைப் பூட்டி வைக்கும். மின்சாரம் போனாலும், பலகை கெட்டாலும், வயர் அறுந்தாலும் எல்லா மாடிகளும் தானாகத் திறந்துவிடும். இதைத் தலைகீழாக வைப்பதுதான் பாதுகாப்பு என்று ஒரு கம்பெனி வாதாடியது. அட்டை முறை பழுதான ஒரு நாளில் யார் வேண்டுமானாலும் எந்த மாடிக்கும் போகலாம் என்பது நாம் தாங்கக்கூடிய ஆபத்து. மருந்து வாங்கிக்கொண்டு வந்தவர் கீழே நிற்க, நோயாளி மேலே காத்திருப்பது தாங்கக்கூடியது இல்லை. தரைத்தளப் பட்டனுக்கு ரிலேயே கிடையாது. யாரும், எந்த நேரமும், எந்த அட்டையும் இல்லாமல் கீழே வரலாம். பலகையையும் பேட்டரியையும் மெஷின் ரூமில் வைத்ததற்குக் காரணம் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது நம் ஸ்டில்ட்டில் (கட்டடத்துக்குக் கீழே தூண்களுக்கு நடுவே வண்டி நிறுத்தும் இடம்) நின்ற தண்ணீர். அங்கே புதிதாக எந்த மின்சாமானும் வைப்பதில்லை என்று அப்போதே தீர்மானம் போட்டிருக்கிறோம்.

தீ சோதனையை மழைக்கு முன்பே வைத்தோம். நான்காவது மாடியில் அலாரம் பெட்டியை அழுத்தினோம். ஃபயர் பேனல் (தீ அலாரங்களை இணைக்கும் பெட்டி) சிக்னல் கொடுத்ததும் ரிலேக்கள் விட்டுவிட்டன, நான்கு லிஃப்ட்டும் தரைத்தளத்துக்கு வந்து கதவைத் திறந்துகொண்டு நின்றன. சரி, முடிந்தது என்று கையெழுத்து வாங்கக் காகிதத்தை நீட்டினார்கள். தீயணைப்புத் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற நம் ‘ஏ’ பிளாக் உறுப்பினர் ஒருவர் குறுக்கிட்டு, “அலாரம் அடிக்காமல் ஃபயர்மேன் ஸ்விட்ச்சை மட்டும் போட்டுப் பாருங்கள்” என்றார். தீயணைப்பு வீரர்கள் லிஃப்ட்டைத் தங்கள் கட்டுப்பாட்டில் எடுப்பதற்காகத் தரைத்தளத்தில் கண்ணாடிக்குள் இருக்கும் அந்த ஸ்விட்ச்சைப் போட்டோம். லிஃப்ட் கீழே வந்தது. அவர் உள்ளே போய் ஒன்பதை அழுத்தினார். விளக்கு எரியவில்லை. எட்டு, எரியவில்லை. ஐந்து, எரியவில்லை.

காரணம் பிறகு புரிந்தது. மாடிகளை விடுவிக்கும் சிக்னல் ஃபயர் பேனலிலிருந்து மட்டும்தான் எடுக்கப்பட்டிருந்தது. ஸ்விட்ச் நேராக லிஃப்ட் பேனலுக்குப் போவது. அது போட்டது ரிலே பலகைக்குத் தெரியவே தெரியாது. வெளியே புகையைப் பார்த்து யாரோ போன் செய்து, அலாரம் அடிக்காத நிலையில் தீயணைப்பு வீரர்கள் வந்திருந்தால், அவர்களை மேலே கொண்டுபோக வேண்டிய ஃபயர் லிஃப்ட்டே அட்டை கேட்டு நின்றிருக்கும். ஸ்விட்ச்சின் உபரிக் கான்டாக்ட் வழியாகவும் ரிலேக்களின் மின்சாரம் அறுபடும்படி லிஃப்ட் கம்பெனி மாற்றிக் கொடுத்தது. இரண்டு வழியிலும், நான்கு லிஃப்ட்டிலும், எல்லா மாடிக்கும் மறுபடி சோதித்த பிறகே கையெழுத்துப் போட்டோம். அந்தப் பெரியவருக்கு இந்தச் சபை எழுந்து நின்று நன்றி சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தீ என்றால் குடியிருப்போர் படிக்கட்டில்தான் இறங்க வேண்டும், லிஃப்ட்டில் அல்ல. படிக்கட்டுக் கதவுகளுக்கும் அட்டைப் பூட்டு போடச் சொல்லிக் கடிதம் வந்தது. வெளியேறும் பாதையில் சாவி கேட்கும் கதவை வைக்க மாட்டோம்.

பயன்பாட்டு விதிகளில் நவராத்திரி ஒரு பாடம் கற்றுக்கொடுத்தது. முதலில் ஒவ்வொரு அட்டைக்கும் சொந்த மாடி மட்டும் என்று வைத்திருந்தோம். கொலு பார்க்கப் பட்டுப்பாவாடை கட்டிக்கொண்டு கிளம்பிய குழந்தைகள், சுண்டல் டப்பாவோடு லிஃப்ட்டுக்குள் நின்று பட்டனை அழுத்திப் பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்பின. பக்கத்து வீட்டுக்காரர்களைப் பிரிப்பதற்காக நாம் இதைச் செய்யவில்லை. இப்போது குடியிருப்போர் அட்டை அந்தந்த பிளாக்கில் எல்லா மாடிக்கும் செல்லும், கேட்டால் இரண்டு பிளாக்குக்கும் செல்லும். வெளியிலிருந்து வருபவருக்கு, வீட்டிலிருந்து இன்டர்காமில் சொன்னதும் அந்த ஒரு மாடி சிறிது நேரம் திறக்கும்.

வீட்டு வேலைக்கு வருபவர்கள், சமையல் செய்பவர்கள், பேப்பர் போடும் தம்பி, இஸ்திரி அண்ணன் ஆகியோருக்குச் சங்கச் செலவில் அட்டை கொடுத்திருக்கிறோம். சிலிண்டர், தண்ணீர் கேன் கொண்டுவருபவர்களுக்கு செக்யூரிட்டியிடம் தற்காலிக அட்டை இருக்கிறது. இவர்களின் அட்டை ஒரே ஒரு லிஃப்ட்டில் மட்டும் வேலை செய்யும்படி அமைக்கலாமே என்று சில உறுப்பினர்கள் எழுதியிருந்தார்கள். மென்பொருளில் அது இரண்டு நிமிட வேலை. செயற்குழு ஒருமனதாக மறுத்துவிட்டது. நம் வீட்டில் சமைப்பவரோடு ஒரே லிஃப்ட்டில் நிற்க மாட்டேன் என்பதற்குச் சங்கத்தின் பணத்தில் ஒரு கருவி வாங்கித் தர முடியாது. செயலாளராக மட்டுமல்ல, இங்கே குடியிருப்பவனாகவும் இதைச் சொல்கிறேன்.

108 ஆம்புலன்ஸ் வந்தால் செக்யூரிட்டி மேசையில் இருக்கும் சாவி ஸ்விட்ச்சைத் திருப்பினால் எல்லா மாடியும் திறக்கும். மூன்று ஷிப்ட் காவலர்களும் செய்து பழகியிருக்கிறார்கள்.

யார் எப்போது எந்த மாடிக்கு அட்டை காட்டினார் என்ற பதிவு முப்பது நாள் இருக்கும், பிறகு அழிந்துவிடும். எழுத்துப்பூர்வமான புகார் இருந்து, தலைவரும் செயலாளரும் சேர்ந்து கையெழுத்திட்டால் மட்டுமே திறக்கப்படும். தன் வாடகைக்காரர் இரவு எத்தனை மணிக்கு வருகிறார் என்று ஓர் உரிமையாளர் கேட்டார். கொடுக்கவில்லை, இனியும் கொடுக்க மாட்டோம்.

இந்த முறையால் முடியாததும் உண்டு. ஒருவர் அட்டை காட்ட, பின்னாலேயே இன்னொருவர் ஏறினால் தடுக்காது. மேல் மாடியில் யாராவது லிஃப்ட்டை அழைத்தால், உள்ளே நிற்கும் அந்நியரும் அங்கே போய்ச் சேருவார். படிக்கட்டு திறந்தே இருக்கிறது. அதனால் செக்யூரிட்டி செலவைக் குறைக்கலாம் என்ற கோரிக்கையை இந்த ஆண்டு ஏற்க வேண்டாம் என்று பரிந்துரைக்கிறேன்.

சபையின் ஒப்புதலுக்கு மூன்று தீர்மானங்களை வைக்கிறேன். ஒன்று, தீ அலாரம், ஃபயர்மேன் ஸ்விட்ச் ஆகிய இரண்டு வழியிலும் லிஃப்ட் சோதனை மூன்று மாதத்துக்கு ஒரு முறை, குடியிருப்போர் இருவர் முன்னிலையில் நடக்க வேண்டும். இரண்டு, பார்வைக் குறைபாடு உள்ள உறுப்பினர்களுக்கு அட்டை காட்டியதும் சொந்த மாடி தானாகப் பதிவாகும் வசதிக்கான செலவு. மூன்று, வீடு காலி செய்பவர் அட்டையைத் திருப்பிக் கொடுத்த பிறகே தடையில்லாச் சான்று. பழைய தடிமன் அட்டை வைத்திருப்பவர்கள் இந்த மாதக் கடைசிக்குள் அலுவலகத்தில் கொடுத்து மாற்றிக்கொள்ளவும்.

இப்படிக்கு,
செயலாளர்